சேதி சொல்ல ஆள் இருந்தால் தாத்தா கதையும் கூடவே வரும்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். கேட்டவருடைய குடும்பம் ஒரு காலத்தில் பழைய வண்ணாரப்பேட்டையில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தது. இப்போது ஒரு பிரிவு கொடுங்கையூரில், ஒன்று மணலியில், இன்னொன்று குடிசை மாற்று வாரியம் கொடுத்த வீட்டுக்குப் பெரும்பாக்கம் போய்விட்டது, இரண்டு பேர் துபாயில். எல்லோரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் காலை வணக்கமும் பூப்படமும்தான் வருகின்றன. போன வருஷம் ஓர் அத்தை இறந்தது பெரும்பாக்கத்துக்காரர்களுக்குக் கருமாதி முடிந்த பிறகுதான் தெரிந்ததாம். அதிலிருந்து பேச்சுவார்த்தை சரியில்லை. வீட்டுக்குப் பெரியவர் என்று 86 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். அவர் நன்றாக இருக்கும்போதே பழைய கதைகளைச் சேர்த்து வம்சாவளி ஒன்று போட்டுவிட வேண்டும், அதற்குக் காசு கட்டி ஆப் வாங்கலாமா என்பது கேள்வி.

நான் தண்டையார்பேட்டைப் பக்கம் டிடிபி, பிரிண்டிங் கடை வைத்திருப்பவன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், முதலாம் ஆண்டு நினைவஞ்சலி எல்லாம் அடிக்கிறோம். தாத்தாவுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்த எங்கள் கடையிலேயே பேரனுக்கும் அடித்த குடும்பங்கள் உண்டு. யாருக்கு யார் என்ன வேணும், யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை என்பதெல்லாம் மேட்டர் எழுதிக் கொண்டுவரும் தாளிலேயே தெரிந்துவிடும். அதை வைத்துச் சொல்கிறேன்: கதை சேர்ப்பதை இரண்டாவதாக வையுங்கள். முதலில் சேதி போகிற வழியைச் சரி பண்ணுங்கள். சேதி ஒழுங்காகப் போகும் வீட்டில் பழைய கதை அதன் பின்னாலேயே வரும். அது போகாத வீட்டில் வம்சாவளியை லேமினேட் பண்ணி மாட்டினாலும் நின்று பார்க்க ஆள் வராது.

முன்பெல்லாம் சாவு விழுந்தால் சேதி சொல்ல ஆள் கிளம்புவார். அந்த வேலை எல்லோருக்கும் கொடுக்கப்படாது. எந்த வீடு எங்கே இருக்கிறது, யாரிடம் முதலில் சொல்ல வேண்டும், எந்த வீட்டில் இதய நோய்க்காரர் இருக்கிறார் என்று தெரிந்த ஒருவர்தான் போவார். தாய்மாமன் வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் நேரில், வெளியூருக்குத் தந்தி. அப்புறம் கருமாதிக் கடிதாசு; அதைப் படித்ததும் வாசலிலேயே கிழித்துப் போடுவார்கள், உள்ளே கொண்டுபோக மாட்டார்கள். நல்ல சேதி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வரும். தந்தி 2013 ஜூலையோடு நின்றுபோனது. ஆள் அனுப்புவது அதற்கு முன்பே நின்றுவிட்டது. ஊடகம் மாறியது பெரிய நஷ்டமில்லை. சேதி சொல்வது தன் பொறுப்பு என்று ஒருவர் இருந்தாரே, அந்த ஆள் இல்லாமல் போனதுதான் நஷ்டம்.

இன்றைக்கு நடப்பது இதுதான். மகன் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டு குரூப்பில் ஒரு வரி போடுகிறான். அதற்குக் கீழே ஐம்பது கும்பிடு, ஐம்பது அழுகை பொம்மை. நடுவில் யாரோ வேறு ஏதோ வீடியோ அனுப்ப, சேதி மேலே போய்விடுகிறது. குரூப்பை மியூட் பண்ணி வைத்திருந்த சித்தப்பா ராத்திரி பார்க்கிறார், அதற்குள் எடுத்தாகிவிட்டது. “குரூப்பில் போட்டேனே” என்பது இவர் வாதம். “எனக்கு யாரும் சொல்லலையே” என்பது அவர் வாதம். நம்மிடத்தில் குரூப்பில் போடுவது சொன்னதாக ஆகாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னால்தான் சொன்னது. உங்கள் அத்தை விஷயத்திலும் இப்படித்தான் நடந்திருக்கும், வேண்டுமென்றே மறைத்திருக்க மாட்டார்கள்.

அதனால் முதல் வேலை, பாட்டியோடு உட்கார்ந்து குடும்பத்தைக் கிளை கிளையாகப் பிரியுங்கள். பாட்டியின் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு கிளை, தாத்தாவின் அண்ணன் தம்பி அக்கா தங்கை வீடுகள் ஒவ்வொன்றும் ஒரு கிளை. ஒவ்வொரு கிளைக்கும் ஒரே ஓர் ஆள். வயதில் பெரியவராக இருக்க வேண்டும் என்பதில்லை, போன் எடுக்கிறவராக இருக்க வேண்டும். என் பார்வையில் இதற்கு மருமகள்களும் கல்யாணமாகிப் போன பெண்களும்தான் சரியான ஆட்கள். ஆண்கள் “சொல்லிக்கலாம்” என்று தள்ளிப் போடுவார்கள். நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் இந்த ஐந்தாறு பேருக்குப் போன் போக வேண்டும். அவரவர் கிளைக்கு அவரவர் பொறுப்பு. துபாய்க்காரர்களுக்கு யார் சொல்வது என்பதையும் இப்போதே முடிவு பண்ணுங்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குத்தான் சேதி தாமதமாகப் போகும், கோபமும் அவர்களுக்குத்தான் அதிகம் வரும்.

அப்புறம் குரூப்பை இரண்டாக்குங்கள். ஒன்று அரட்டைக்கு, பூப்படமெல்லாம் அங்கேயே இருக்கட்டும், தப்பில்லை. வயதானவர்கள் காலை வணக்கம் அனுப்புவதே ‘நான் இருக்கிறேன்’ என்று காட்டத்தான். இன்னொன்று சேதிக்கு மட்டும். அதில் அட்மின் மட்டுமே எழுதலாம் என்று செட்டிங் இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். அட்மின்கள் அந்தக் கிளைக்காரர்கள்தான். தானாக அழிந்துபோகும் மெசேஜ் வசதி ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள்.

சேதியை எழுதும் விதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. “பத்மா அத்தை தவறிட்டாங்க” என்று எழுதினால் இருபது வயதுப் பையனுக்கு ஒன்றும் புரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: “மில்லுத் தாத்தாவின் இரண்டாவது தங்கை, திருவொற்றியூர் அத்தை, இன்று காலை 6 மணிக்குத் தவறிவிட்டார். நம் பெரியண்ணிக்கு அம்மா. தாத்தா வேலையில்லாமல் இருந்த காலத்தில் நம் அப்பாவைத் தன் வீட்டில் வைத்துப் படிக்க வைத்தவர். நாளை பகல் 2 மணிக்கு எடுப்பு. தேரடி மெட்ரோவில் இறங்கி அங்கிருந்து போன் செய்யவும்.” யார், யாருக்கு என்ன உறவு, நமக்கு என்ன செய்தார், எப்போது, எங்கே. மூன்றாவது வாக்கியம் இருக்கிறதே, அதுதான் நீங்கள் தேடுகிற பூர்விகக் கதை. அதைப் படித்துவிட்டு ஒருவராவது “அப்படியா, எந்த ஸ்கூல்?” என்று கேட்பார். பதில் சொல்ல இன்னொருவர் வருவார். குழந்தை பிறந்த சேதிக்கும் இதே மாதிரி ஒரு வரி சேருங்கள்: யார் பெயரை வைத்திருக்கிறார்கள், அந்தப் பெயருக்கு உரியவர் யார். வருஷத்துக்கு ஏழெட்டு நல்லது கெட்டது எந்தக் குடும்பத்திலும் நடக்கும். அதுவே போதும்.

இனி கதை. பாட்டியிடம் போவதற்கு முன்னால் வீட்டுப் பரணையும் பீரோவையும் பாருங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று கிடைத்தால் புதையல். “காலஞ்சென்ற இன்னார் அவர்களின் பேரனும்” என்று தொடங்கி இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, தாய்மாமன், அத்தை, ஊர், கோயில் எல்லாம் தேதியோடு இருக்கும். மொய் நோட்டும் அப்படித்தான். யார் எவ்வளவு எழுதினார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டுப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் இடத்தைப் பாருங்கள்: “எண்ணூர்”, “மூலக்கடை”, “பொன்னேரி”, “லோகோ ஒர்க்ஸ்” (பெரம்பூர் ரயில்வே பட்டறை), “ஹார்பர்”. அந்தக் கல்யாணம் நடந்த வருஷத்தில் உங்கள் சொந்தம் எங்கெல்லாம் பரவியிருந்தது, எந்த வேலையில் இருந்தது என்பது அந்த நோட்டில் இருக்கிறது. இருபது ரூபாய் எழுதிய பெயர் ஒன்று இப்போது யாருக்கும் தெரியவில்லை என்றால், தொலைந்துபோன ஒரு கிளையின் நுனி அதுவாக இருக்கலாம்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், என் தொழில் அது. ராத்திரி பதினோரு மணிக்கு ஷட்டரைத் தட்டுவார்கள். பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்று, ரேஷன் கார்டில் இருந்து எடுத்தது, அல்லது யாரோ கல்யாணத்தில் நின்றிருந்த குரூப் போட்டோவில் இருந்து வெட்டியது. கூட ஒரு தாளில் பெயர்கள். தோற்றம், மறைவு என்று இரண்டு தேதி கேட்போம். மறைவு தெரியும், தோற்றத்துக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஆதாரில் இருப்பதைப் போடு என்பார்கள். அப்புறம் “இங்ஙனம்” தொடங்கும். மூத்த மகன் பெயர் முதலில். அடுத்து மகள்கள் பெயரா மருமகன்கள் பெயரா? இடம் பத்தாது, மருமகன் பெயரைப் போட்டு மகள் பெயரை விடு என்று யாராவது சொல்வார்கள். அப்போது பின்னால் நின்றிருக்கும் மகள் ஒன்றும் பேசமாட்டாள். முதல் தாரத்துப் பிள்ளை பெயரைச் சேர்ப்பதா என்று ஸ்டூலில் உட்கார்ந்தே ஒரு பஞ்சாயத்து நடக்கும். கடைசியில் ப்ரூஃப் பார்க்கும்போது பெரியப்பா மகன் ஒருவர் பேனாவை வாங்கி, விட்டுப்போன பெயர்களை ஓரத்தில் எழுதுவார். போஸ்டரில் ஏறுவது பாதி. அந்தத் தாளில் இருப்பது முழுசு. நான் வந்தவர்களிடம் அந்தத் தாளைக் கொடுத்து அனுப்புவேன், தூக்கிப் போட வேண்டாம் என்பேன். பத்தில் ஒருவர் பத்திரப்படுத்தியிருந்தால் ஆச்சரியம்தான்.

உங்கள் அத்தைக்கு அடித்த போஸ்டரின் ஃபைல் கடையில் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ஆனால் ஒன்று: போஸ்டரிலும் பத்திரிகையிலும் பெண்கள் பக்கம் மெலிந்திருக்கும். ‘மருமகன் இன்னார்’ என்று இருந்தால் மகள் பெயர் என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘இன்னாரின் மனைவி’ என்று இருந்தால் அவர் பிறந்த வீடு எது என்று கேளுங்கள். இதைச் செய்யாவிட்டால் உங்கள் வம்சாவளியில் ஆண்கள் ஆண்களையே பெற்றுக்கொண்டு போவார்கள்.

சாவு வீட்டில் ராத்திரி பாடும் மரண கானாவையும் இந்தக் கணக்கில் சேர்க்கத் தோன்றாது, ஆனால் சேர்க்க வேண்டும். பாட வருபவர் முதலில் கேட்பது விவரம்தான்: இறந்தவர் பெயர், பெண்டாட்டி பெயர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், எந்தத் தெரு, என்ன வேலை பார்த்தார். துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பார்கள். ஹார்பரில் மூட்டை தூக்கிப் பெண்களைக் கரையேற்றியது, முதல் பிள்ளையைப் பறிகொடுத்தது எல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். அடுத்த வீட்டில் வேறு பெயர், வேறு கதை. பெண்கள் வைக்கும் ஒப்பாரியிலும், செத்தவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, யாரும் வெளியில் பேசாத விஷயங்கள் வரும். அழுகிற நேரத்தில் முகத்துக்கு நேராகப் போனை நீட்டுவது அசிங்கம். கானாவை ஓரமாக உட்கார்ந்து ஆடியோ மட்டும் பதிந்துகொள்ளலாம், பாடுபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

பாட்டிக்கு வருவோம். நாற்காலி போட்டு, எதிரே கேமரா வைத்து, “உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க” என்றால் “என்னத்தச் சொல்றது, கஷ்டந்தான்” என்பதோடு முடித்துவிடுவார். கீரை ஆயும்போது, பூ கட்டும்போது பக்கத்தில் உட்காருங்கள். சின்னதாகக் கேளுங்கள். கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டில் எத்தனை குடித்தனம்? யார் எங்கே படுப்பார்கள்? தண்ணீர் எங்கிருந்து, குழாயடியில் யாரோடு சண்டை? வாடகை வாங்க யார் வருவார்? மில் சங்கு எத்தனை மணிக்கு ஊதும், அதற்கு எந்தச் சமையல் முடிந்திருக்க வேண்டும்? தாளில் அந்தத் தெருவை வரையச் சொல்லி, வீட்டுக்கு வீடு யார் இருந்தார்கள் என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார்கள். ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு கதை இருக்கும். முடிந்தால் பாட்டியின் வயதையொட்டிய நாத்தனாரையோ ஓரகத்தியையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். “அதெல்லாம் இல்லடி, அவன் அப்போ ஜெயில்ல இருந்தான்” என்று ஒருவர் மற்றவரைத் திருத்தும்போதுதான் சரக்கு வெளியே வரும். போனை ஆனில் வைத்து மடியில் கவிழ்த்து வைத்தால் போதும். பதிவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது மட்டும் கண்டிப்பு.

வருஷம் கேட்காதீர்கள், எதற்கு முன்னால் பின்னால் என்று கேளுங்கள். அண்ணா இறந்தபோது பெரியவன் வயிற்றில் என்றால் 1969 பிப்ரவரி. எம்.ஜி.ஆர். சுடப்பட்டபோது புதுப்பெண் என்றால் 1967 ஜனவரியை ஒட்டி. காமராஜர் இறந்தது 1975 அக்டோபர் 2, எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. இன்னும் பின்னால் போனால், உங்கள் பாட்டி தன் அம்மா வாயால் கேட்டதாக, ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணத்தையே காலி பண்ணிக்கொண்டு ஓடிய கதையைச் சொல்லலாம். அது 1942 ஏப்ரல். எந்த ஊருக்கு ஓடினார்கள் என்று உடனே கேளுங்கள். சொந்தம் இருக்கும் ஊருக்குத்தான் ஓடியிருப்பார்கள், அநேகமாக அதுதான் உங்கள் பூர்விக ஊர். எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் பட்டணத்தின் மேல் குண்டு போட்ட கதை 1914 செப்டம்பர் 22. அது பாட்டிக்கும் பாட்டி சொன்னதாக வரும், அதில் கலப்படம் அதிகம் இருக்கும். இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஜாதகம் இருந்தால் அதில் தமிழ் வருஷம் இருக்கும். பாட்டியின் தம்பிக்கு விரோதி வருஷம் ஆடி மாதம் என்று இருந்தால் 1949 ஜூலை, ஆகஸ்ட். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பெயர் திரும்பி வரும் (2009இலும் விரோதிதான்), அதனால் ஆளின் வயதை வைத்து எந்தச் சுற்று என்று முடிவு பண்ண வேண்டும். பள்ளிச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதியை அப்படியே நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் வாத்தியார் தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லிவிட்டு, தொட்டால் ஐந்து வயது என்று ஒரு தேதி போட்டுவிடுவார். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் ஜூன் மாதத்தில் பிறந்தநாள் இருந்தால் அது வாத்தியார் வைத்த பிறந்தநாள்.

வடசென்னையில் சொந்தக்காரர்களை வேலையை வைத்தும் பேட்டையை வைத்தும் கூப்பிடுவார்கள்: மில்லுத் தாத்தா, லோகோ மாமா, ஹார்பர் சித்தப்பா, காசிமேட்டுச் சின்னம்மா. இதை எழுதும்போது விட்டுவிடாதீர்கள், இதுதான் அடையாளம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே குடும்பத்தில் நாலு கோவிந்தன் இருப்பார்கள். நாலு பேருக்கும் இனிஷியலும் இரண்டில் ஒன்றாக இருக்கும். ‘மில்லு’, ‘லோகோ’ என்று முன்னால் இல்லாவிட்டால் பிரிக்கவே முடியாது. அந்த அடைமொழியைப் பிடித்துக்கொண்டே வரலாற்றுக்கும் போகலாம். மில்லுத் தாத்தா என்றால் அநேகமாக பின்னி மில், அதாவது பக்கிங்காம் கர்நாடிக் மில். 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் அந்த மில் தொழிலாளர்களை வைத்து உருவானதுதான், பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர். 1921இல் மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் கலவரம் வரை போனது. மில்லை 1996இல் மூடினார்கள். உங்கள் தாத்தாவின் அப்பாவும் அதே மில் என்றால், 1921இல் அவர் வேலைநிறுத்தத்தில் நின்றாரா, வேலைக்குப் போனாரா என்று கேட்டுப் பாருங்கள். சில வீடுகளில் இன்னும் குரல் தாழ்த்தித்தான் பதில் வரும்.

பர்மாவிலிருந்து வந்த கிளை இருந்தால் தனியாக உட்கார வேண்டும். அங்கே 1962இல் ராணுவ ஆட்சி வந்து கடை கண்ணிகளை அரசுடைமையாக்கிய பிறகு கப்பலேறி வந்து வியாசர்பாடிப் பக்கம் குடியேறியவர்கள் பலர். அவர்களிடம் காகிதம் குறைவு, ஞாபகம் அதிகம். அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அரை நாவல் சொல்வார்கள்.

காகிதத் தடயங்களைப் பற்றிச் சுருக்கமாக. 2025 கடைசியில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் வந்தபோது 2002, 2005ஆம் வருஷப் பட்டியலில் அப்பா அம்மா பெயரைத் தேடச் சொன்னார்கள் இல்லையா, அதில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காதீர்கள். அந்த வருஷம் எந்தக் கதவிலக்கத்தில் யார் யார் சேர்ந்து இருந்தார்கள் என்று அதில் இருக்கிறது. பழைய வீட்டுப் பத்திரத்தில் ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று இரண்டு தலைமுறை ஒரே வரியில் வந்துவிடும். ரயில்வேயில் இருந்தவர்களுக்குப் பென்ஷன் காகிதம், பாஸுக்காகக் கொடுத்த குடும்ப விவரம். கிறிஸ்தவக் கிளை இருந்தால் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் கோயில் ரிஜிஸ்டர் இருக்கும். ராயபுரம் பக்கம் 19ஆம் நூற்றாண்டுக் கோயில்கள் இருக்கின்றன, பங்கு அலுவலகத்தில் பணிவாகக் கேட்டால் பார்க்க விடுவார்கள். மூலக்கொத்தளம் மாதிரி சுடுகாடுகளில் சொந்தக்காரர் சமாதி இருந்தால் கல்வெட்டைப் படம் எடுங்கள். 1939இல் இந்தி எதிர்ப்பில் உயிரிழந்த நடராசன், தாளமுத்து நினைவிடமும் அங்கேதான் இருக்கிறது. நினைவிடம் உள்ளவர்களின் பெயர் நிற்கும், மண் சமாதி என்றால் பத்து வருஷத்தில் தரையோடு தரையாகிவிடும்.

படங்கள் விஷயத்தில் அவசரம் காட்டுங்கள். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் என்று இரண்டு வெள்ளத்திலும் இந்தப் பக்கம் பீரோவின் கீழ்த் தட்டு போயிற்று. ஆல்பம் இருப்பது கீழ்த் தட்டில். நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் காயவிட்டுப் பிரிக்கக் கூடாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு, மெதுவாகப் பிரித்து, படம் மேலே பார்க்க நிழலில் தனித்தனியாகப் பரப்புங்கள். கண்ணாடி பிரேமில் ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுத்துவிடுங்கள். நல்ல படங்களைக் கடையில் ஸ்கேன் பண்ணக் கொடுத்தால் சின்னப் படத்துக்கு 600 டிபிஐ கேளுங்கள். வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். இன்னொன்று, ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப் இப்போது கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபிக்குள்தான் அடங்க வேண்டும். அது நிரம்பினால் பேக்கப் நின்றுபோவது யாருக்கும் தெரியாது. முக்கியமான ஆடியோவையும் படத்தையும் பென்டிரைவில் போட்டு இரண்டு வெவ்வேறு வீட்டில் வையுங்கள். வெவ்வேறு வீடு என்றால் வெவ்வேறு ஏரியா, அதே தெருவில் எதிர்வீடு இல்லை. படத்துக்குப் பின்னால் பேனாவில் எழுதாதீர்கள், மை முன்பக்கம் ஊறும். பென்சிலில் லேசாக எழுதுங்கள்: இடமிருந்து வலம் யார் யார்.

இப்போது கஷ்டமான பகுதி. நீங்கள் கேட்கத் தொடங்கியதும் ஒரு பெரியப்பா “எதுக்குடா இதெல்லாம், பாகம் பிரிக்கவா?” என்பார். சொத்துத் தகராறில் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்தவர்களுக்கு வம்சாவளி என்றாலே பயம். முதல் நாளே, எல்லோர் முன்னாலும், பத்திர நகல் எதுவும் வேண்டாம், பெயரும் கதையும்தான் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு அப்புறமும் சில பெயர்கள் வராது. ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்ட சித்தி, வேறு சாதியில் கட்டிய மாமா, தூக்கு மாட்டிக்கொண்ட பையன், தாத்தாவின் இன்னொரு குடும்பம். பெயரை வம்சாவளியில் எழுதுங்கள், காரணத்தை எழுத வேண்டாம். இருந்தவரை இல்லை என்று காட்டுவது என்னால் ஒப்புக்கொள்ள முடியாத விஷயம்; அதே சமயம் ஒருவர் அழுதுகொண்டே சொன்னதை எல்லோருக்கும் பரப்புவதும் சரியில்லை. பாட்டி “இது உனக்கு மட்டும்” என்று சொன்னால் ரெக்கார்டிங்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் முழுப் பிறந்த தேதி, ஆதார், போன் நம்பர் எதையும் இணையத்தில் பொதுவாகத் தெரியும் இடத்தில் ஏற்ற வேண்டாம். எந்த மோசடிக்காரன் எந்தப் பெரியம்மாவிடம் “உங்க அண்ணன் பேரன் பேசறேன்” என்று ஆரம்பிப்பான் என்று தெரியாது.

ஆப் வாங்கலாமா? என் பதில், இப்போதைக்கு வேண்டாம். அவை பெரும்பாலும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வெளிநாட்டுக் குடும்பங்களுக்காகச் செய்தவை. நம்மிடம் இனிஷியல்தான், அதுவும் கல்யாணத்துக்குப் பின் பெண்ணுக்கு மாறும். அக்கா மகளைக் கட்டிய மாமா, அத்தை மகனைக் கட்டிய பெண் என்று ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று உறவுமுறை இருக்கும். திரையில் கோடு பின்னிக்கொண்டு நிற்கும். சந்தா கட்ட மறந்தால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். பெரும்பாக்கத்து மாமா பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய்ப் பார்ப்பார் என்றும் எனக்குத் தோன்றவில்லை. கூகுள் ஷீட் ஒன்று போதும்: பெயர், கூப்பிடும் பெயர், அப்பா, அம்மா, பிறந்த வீடு, புகுந்த வீடு, வேலை, இருந்த தெரு, யார் சொன்னது. கடைசிக் கட்டம் முக்கியம். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி, எதிரே சொன்னவர் பெயரைப் போடுங்கள். தீர்ப்பு சொல்வது உங்கள் வேலை இல்லை.

ஷீட்டில் இருப்பதைக் காகிதத்தில் ஒரு முறையாவது அடியுங்கள். பிரிண்ட் கடைக்காரன் வேறு என்ன சொல்வான் என்று நீங்கள் சிரித்தாலும் சரி. ஏ4இல் முப்பது பக்கம், கறுப்பு வெள்ளை, நடுவில் நாலு படப் பக்கம் கலரில், பின் அடித்துக் கொடுத்தால் பெரிய செலவில்லை. கிளைக்கு ஒரு பிரதி. எழுத்தைப் பெரிதாக, 14 பாயிண்டில் போடச் சொல்லுங்கள். படிக்கப் போவது கண்ணாடி போட்டவர்கள். இடது பக்கம் காலியாக விடுங்கள், திருத்தம் எழுத.

எப்போது கொடுப்பது என்றால், ஆடியில். எப்படியும் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் அன்றைக்குக் கட்டிக் கொடுத்த பெண்களும் மருமகன்களும் வந்து சேர்வார்கள், மகாளய அமாவாசைப் படையலுக்கு அவ்வளவு பேர் வரமாட்டார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் பெரும்பாக்கத்துக்கு நீங்களே நேரில் போய் அழைத்துவிட்டு வாருங்கள், போன் வேண்டாம். அத்தை விஷயத்தில் இருக்கும் வருத்தத்துக்கு அதுதான் வழி. அன்றைக்கு வம்சாவளியைப் பெரிய தாளில் அடித்து, கூழ் வாங்க வரிசை நிற்கும் சுவரில் ஒட்டுங்கள். பாட்டியை மேலேயும் குழந்தைகளைக் கீழேயும் போடாமல் பாட்டியை நடுவில் போட்டால் எல்லாக் கிளைக்கும் இடம் கிடைக்கும். பக்கத்தில் ஒரு ஸ்கெட்ச் பேனாவைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், கட்டாவிட்டால் பத்து நிமிஷத்தில் குழந்தைகள் எடுத்துக்கொண்டு போய்விடும். எங்கள் பேர் எங்கே, எங்கம்மா பேரை ஏன் தப்பா எழுதியிருக்கு என்று சண்டைக்கு வருபவர்கள் கையில் அந்தப் பேனாவைக் கொடுங்கள்.